நுரைக்கூடு

நுழையும்முன்

ஓர் உயிரை வளர்ப்பது இனிய பொழுதுபோக்கு என்றே முதலில் தோன்றும். வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது புலப்படும். விரல் நீளமே உள்ள ஒரு மீன், தன்னை வளர்த்த மாணவன் ஒருவனுக்கு நீரைப் பற்றியும் காற்றைப் பற்றியும் உயிரின் தேவைகளைப் பற்றியும் கற்பித்த பாடங்களை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

புட்டிக்குள் ஒரு நிறம்

சென்னை மாநகரின் வடபகுதியில் உள்ள கொளத்தூர், வண்ணமீன்களுக்குப் பெயர்பெற்றது. கண்ணாடித் தொட்டிகள் அடுக்கிய கடைகள். வீடுகளின் பின்கட்டிலும் மொட்டைமாடியிலும் மீன்குஞ்சுகள் வளரும் சிமெண்டுத் தொட்டிகள். நெகிழிப் பைகளில் நீரையும் காற்றையும் அடைத்து நொடியில் முடிச்சிடும் கைகள். தங்கமீன், கப்பி, மோலி எனப் பலவகை மீன்கள் கூட்டங்கூட்டமாக நீந்தும் அக்கடைகளில் ஒருவகை மீன் மட்டும் தனிமையில் வைக்கப்பட்டிருக்கும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு புட்டி. அதற்குள் ஒற்றை மீன். ஒரு புட்டிக்கும் அடுத்த புட்டிக்கும் நடுவே ஓர் அட்டைத்துண்டு. அதுவே பெட்டா மீன். கடைக்காரர்கள் அதனை ‘ஃபைட்டர்’ என்பர்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில், பெரம்பூரைச் சேர்ந்த மாணவன் ஒருவன் மிதிவண்டியில் கொளத்தூருக்குச் சென்றான். விரும்பிய பொருள் ஒன்றை வாங்கிக்கொள்ளுமாறு அவன் தாய் சிறிது பணம் கொடுத்திருந்தார். கடையின் ஓரத்தில் அடுக்கப்பட்டிருந்த புட்டிகளுள் ஒன்றில், வாடிய இலையைப் போல அசைவற்று ஒரு சிவப்பு மீன் கிடந்தது. கடைக்காரர் அட்டைத்துண்டை ஒரு கணம் விலக்கினார். அடுத்த புட்டியிலிருந்த மீனைக் கண்டதும், அந்தச் சிவப்பு மீன் செவுள்மூடிகளை விரித்தது. துடுப்புகள் அனைத்தையும் நிமிர்த்தியது. உடலே இருமடங்கானது போல எழுந்து நின்றது. தீக்கொழுந்து ஒன்று நீருக்குள் எரிவதாக அவனுக்குத் தோன்றிற்று. அந்த மீனையே வாங்கினான்.

பெட்டா மீனுக்குத் தொட்டி வேண்டியதில்லை, காற்றுக்குமிழ் விடும் கருவி வேண்டியதில்லை, ஒரு புட்டியே போதும் என்று நண்பர்கள் சொல்லியிருந்தனர். எனவே படிக்கும் மேசையின் மீது புட்டியை வைத்தான். ஞாயிறுதோறும் நீர் முழுவதையும் கொட்டிவிட்டுக் குழாய்நீரை நிரப்பினான். நாளொன்றுக்கு மூன்று முறை உணவுத் துகள்களைத் தூவினான். நாற்பது நாள்கள் சென்றன. முதலில் நிறம் மங்கியது. பின்னர்த் துடுப்புகள் ஒட்டிக்கொண்டன. ஒருநாள் காலையில் மீன் புட்டியின் அடியில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

மறுவாரம் அவன் மீண்டும் அதே கடைக்குச் சென்று நடந்ததைச் சொன்னான். “இது மூச்சுவிடுவதற்கு மோட்டாரே வேண்டாம் என்றார்களே அண்ணா?” என்று கேட்டான். கடைக்காரர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். “காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன்தான் தம்பி. ஆனால் கிடப்பது தண்ணீரில்தானே?” என்றார்.

காற்றைக் குடிக்கும் மீன்

அவர் சொன்ன ஒரு வரியில் பெட்டா மீனின் இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. பெரும்பாலான மீன்கள் நீரில் கரைந்துள்ள உயிர்வளியைச் செவுள்களால் பெறுகின்றன. பெட்டா மீனுக்குச் செவுள்களோடு மற்றோர் உறுப்பும் உண்டு. தலையின் உட்புறத்தில், செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக அமைந்த மெல்லிய எலும்புத் தகடுகள் உள்ளன. அவற்றின்மேல் நுண்ணிய குருதிக்குழாய்கள் நிறைந்த தோல் போர்த்தியிருக்கிறது. சிக்கலான வழிகளைக் கொண்ட புதிர்மாளிகை போன்று தோன்றுவதால் ஆங்கிலத்தில் இதற்கு ‘லாபிரிந்த்’ உறுப்பு என்று பெயரிட்டனர். மீன் நீர்ப்பரப்பிற்கு வந்து வாயால் ஒரு மிடறு காற்றை எடுத்துக்கொள்ளும். அக்காற்றிலுள்ள உயிர்வளி இம்மடிப்புகளின் வழியே குருதியில் கலக்கும்.

வெயிலில் சூடேறி உயிர்வளி குறைந்துபோன ஆழமற்ற நீரில் பிற மீன்கள் திணறும்போது பெட்டா பிழைத்துக்கொள்வது இதனால்தான். வேறுவகையில் பார்த்தால் இவ்வரம் ஒரு கட்டாயமும் ஆகும். நல்ல நீரிலும்கூட அது மேலே வந்து காற்றை எடுத்தாக வேண்டும். நீர்ப்பரப்பை அடைய இயலாதவாறு தடுத்தால் அது மூச்சுமுட்டி இறக்கும்.

இந்த உறுப்பே புட்டியில் அடைக்கும் வழக்கத்திற்கும் வழி வகுத்தது. குறைந்த நீரில் அது உடனே இறப்பதில்லை. ஆகவே குறைந்த நீரே அதற்குப் போதும் என்று மனிதர் முடிவுசெய்தனர். ஆனால் எல்லா மீன்களையும் போலவே பெட்டாவும் கழிவை வெளியிடுகிறது. அக்கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அம்மோனியா செவுள்களை அரிக்கும் நஞ்சு. புட்டியின் சிறிதளவு நீரில் அது சில நாள்களிலேயே செறிந்துவிடும். மீன் மேலே வந்து தூய காற்றைக் குடிக்கிறது. கீழே சென்று நஞ்சில் கிடக்கிறது. மாணவனின் முதல் மீனுக்கு நேர்ந்தது இதுவே. ஞாயிறுதோறும் அவன் ஊற்றிய குழாய்நீரில் கலந்திருந்த குளோரின், எஞ்சியிருந்த வலிமையையும் குலைத்தது.

வயல்நீரிலிருந்து வந்தது

பெட்டா மீனின் தாயகம் தாய்லாந்து. சாவ் பிரயா ஆற்றின் சமவெளியிலுள்ள நெல்வயல்களும் சதுப்புகளும் வாய்க்கால்களும் அதன் இயற்கை வாழிடங்கள். அந்நீர் ஆழமற்றது, ஆயினும் பரந்தது. நீர்ச்செடிகள் அடர்ந்தது. அங்கு வாழும் காட்டுப் பெட்டாவிடம் கடைகளில் காணும் பகட்டு இல்லை. குறுகிய துடுப்புகளும் பழுப்பும் பச்சையும் கலந்த மங்கிய உடலும் கொண்டது அது. ஆண்மீன் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு அதைக் காக்கும். அவ்வெல்லைக்குள் மற்றோர் ஆண் நுழைந்தால் செவுள்மூடியை விரித்து அச்சுறுத்தும்; சிறிது நேரம் மோதவும் செய்யும். தோற்ற மீன் ஓடி ஒளிய அங்கே இடம் உண்டு.

இச்சீற்றத்தை வேடிக்கையாக்கியவர் மனிதரே. தாய்லாந்து மக்கள் இதனைப் ‘பிளா காட்’ என்பர்; ‘கடிக்கும் மீன்’ என்பது அதன் பொருள். தப்பியோட வழியில்லாத ஒரு கலத்தில் இரண்டு ஆண்மீன்களை விட்டுப் பந்தயம் கட்டினர். பின்வாங்காத மீன்களை மட்டுமே தேர்ந்து, அவற்றின் குஞ்சுகளை வளர்த்தனர். பெட்டா மீனை மனிதர் பழக்கி வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது 1000 ஆண்டுகளாவது ஆகியிருக்கும் என்று, 2022ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. கால்நடைகளைப் போன்றே நெடுங்காலமாக மனிதரோடு வாழ்ந்து வரும் மீன் இது.

1849ஆம் ஆண்டு தியோடர் கேன்டர் என்ற ஆய்வாளர் இம்மீனைப் பற்றி எழுதியபோது வேறோர் இனத்தின் பெயரை இதற்கு வழங்கிவிட்டார். 1910ஆம் ஆண்டு சார்லஸ் டேட் ரீகன் என்னும் ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் அப்பிழையைத் திருத்தி, ‘பெட்டா ஸ்பிளென்டென்ஸ்’ என்று பெயரிட்டார். ‘ஸ்பிளென்டென்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஒளிர்வது என்பது பொருள். 2019ஆம் ஆண்டு தாய்லாந்து அரசு இதனைத் தன் நாட்டின் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

மீன்களைச் சண்டையிட விடுவது நம் நாட்டில் குற்றமாகும். பொழுதுபோக்கிற்காக ஒரு விலங்கை மற்றொரு விலங்கோடு மோதவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தடைசெய்கிறது. மனிதரல்லாத உயிர்கள் அனைத்தையும் அச்சட்டம் ‘விலங்கு’ என்றே குறிக்கிறது.

தெரிந்து தெளிவோம்

காற்றைச் சுவாசிக்கும் இம்மீன் குடும்பத்திற்குத் தமிழ் மண்ணிலும் உறவினர் உண்டு. செவுள்மூடிகளை ஊன்றி ஈரநிலத்தில் நகர்ந்து செல்லும் பனையேறிக்கெண்டை அவற்றுள் ஒன்று. தரங்கம்பாடியில் பணியாற்றிய டால்டார்ஃப் என்னும் டேனிய அலுவலர், பனைமரத்தில் இம்மீன் ஏறக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797ஆம் ஆண்டு இலண்டனில் வெளியாயிற்று. மற்றொன்று, நம் கடற்கரைச் சமவெளியின் குளங்களிலும் வாய்க்கால்களிலும் வாழும் ஒரு சிறு பழுப்பு மீன். பெட்டாவைப் போலவே நுரையால் கூடு கட்டும் இதனை, 1831ஆம் ஆண்டு குவியே என்னும் பிரெஞ்சு அறிஞர் விவரித்தார். இதன் அறிவியல் பெயரிலுள்ள ‘குபானஸ்’ என்னும் சொல், புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்து ஆற்றின் பெயரிலிருந்து பிறந்தது.

நீர் பக்குவமாதல்

கடைக்காரர் அன்று அவனுக்கு மீன் எதையும் விற்கவில்லை. இருபது லிட்டர் கொள்ளும் பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். கடற்பஞ்சு போன்ற வடிப்பான் ஒன்றையும் ஒரு பிடி நீர்ப்பாசியையும் உடன் தந்தார். “முதலில் தண்ணீரை வளர்த்துவிட்டு வா தம்பி; மீனை அப்புறம் பார்க்கலாம்” என்று அனுப்பினார்.

நீரை வளர்ப்பது என்றால் என்னவென்று அவனுக்குப் புரியவில்லை. பள்ளிப் பாடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த நைட்ரஜன் சுழற்சியே அது என்பது பிறகு விளங்கிற்று. அம்மோனியாவை உண்டு அதனை நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிரிகள் சில. நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிரிகள் வேறு சில. நைட்ரேட்டு பெருமளவில் தீங்கு செய்யாதது; செடிகளுக்கு உரமாவது. இந்நுண்ணுயிரிகள் வடிப்பானின் துளைகளிலும் மணலிலும் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரும் மீனுக்கு நஞ்சே.

ஐந்து வாரங்கள் அவன் வெறுந்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சிட்டிகை உணவை மட்டும் அவ்வப்போது நீரில் இட்டு அழுகவிட்டான். வீட்டிற்கு வந்தவர்கள், மீனில்லாத தொட்டிக்கு எதற்கு மின்சாரம் என்று நகைத்தனர். பள்ளி வளாகத்தில் நின்ற நாட்டு வாதுமை மரத்தடியில், தானாக உதிர்ந்து பழுப்பேறிய இலைகளைப் பொறுக்கிவந்து, கழுவி உலர்த்தி நீரில் மிதக்கவிட்டான். நீர் மெல்லத் தேநீரின் நிறத்தை அடைந்தது. அவ்விலையிலிருந்து கசியும் துவர்ப்பொருள் நீரைச் சற்றே அமிலத்தன்மை உடையதாக்கும். இலைகள் மட்கிக் கிடக்கும் சதுப்புநீரில் பிறந்த மீனுக்கு அந்நிறமே வீட்டு நிறம்.

ஆவணி மாதத்தில் அவன் ஒரு நீலநிற ஆண்மீனை வாங்கிவந்தான். இம்முறை ஒரு வாளி நீரைத் திறந்தபடி ஒருநாள் முழுவதும் வைத்து, குளோரின் நீங்கிய பிறகே பயன்படுத்தினான். வாரந்தோறும் தொட்டிநீரில் கால்பங்கை மட்டும் மாற்றினான். பெட்டா துள்ளிக் குதிக்கும் இயல்புடையது. ஆகவே காற்று நுழைய இடைவெளி விட்டுத் தொட்டிக்கு மூடியும் இட்டான். உணவை நாளொன்றுக்கு இருமுறை, சில துகள்கள் என்று குறைத்துக்கொண்டான்.

அந்த மீன் புட்டியில் கிடந்த மீனைப் போல இல்லை. காலையில் தொட்டியின் நான்கு மூலைகளையும் சுற்றிவந்து பார்வையிட்டது. மதியத்தில் நீர்ப்பரப்பை ஒட்டியிருந்த ஓர் இலைமீது உடலைச் சாய்த்து ஓய்வுகொண்டது. பாசிக்குள் எதையோ தேடியது. அவன் அறைக்குள் நுழைந்தாலே கண்ணாடியருகே வந்து நின்றது. முதல் மீன் நாற்பது நாளும் உயிரோடிருந்தது உண்மை. ஆனால் அது ஒருநாளும் இவ்வாறு செய்ததில்லை. தாங்கிக்கொள்ளுதல் வேறு, வாழ்தல் வேறு என்பதை அவன் இரண்டாம் மீனிடம் கற்றான்.

அழகின் விலை

ஓராண்டு அனுபவம் பெறும் முன்பே, குஞ்சு பொரிக்கச் செய்ய வேண்டும் என்ற ஆவல் அவனுக்குள் எழுந்தது. இணையைத் தேடிக் கடைக்குச் சென்றபோது, பெட்டாவின் பலவகை வடிவங்களையும் கண்டான். வால்துடுப்பை விரித்தால் அரைவட்டமாகத் தோன்றும் ‘அரைநிலா’ வகை. துடுப்புக் கதிர்கள் கிரீடத்தின் முனைகளைப் போல நீண்டு நிற்கும் ‘கிரீடவால்’ வகை. போர்மீன்களைப் போலவே குறுவால் கொண்ட வகை. வாழ்நாளில் நிறம் மாறிக்கொண்டே வரும் ‘பளிங்கு’ வகை. உடல் முழுவதும் கவசம் போன்ற வெண்செதில்கள் மூடிய ‘டிராகன்’ வகை.

சண்டையை விரும்பியவர்கள் பின்வாங்காத மீனைத் தேர்ந்தெடுத்ததைப் போல, அழகை விரும்பியவர்கள் நீண்ட துடுப்பையும் அடர்ந்த நிறத்தையும் தேர்ந்தெடுத்து வந்தனர். அத்தேர்வுக்கும் ஒரு விலை உண்டு. வால் மிகப் பெரிதானால், அதனை இழுத்துக்கொண்டு நீந்துவதற்குள் மீன் களைத்துப்போகிறது. சில மீன்கள் தம் வாலைத் தாமே கடித்துக் கிழித்துக்கொள்கின்றன. டிராகன் வகையின் தடித்த செதில், சில மீன்களுக்குக் கண்களின் மீதும் படர்ந்து பார்வையை மறைத்துவிடுகிறது. கண்காட்சிக்கு ஏற்ற அழகு, அதைச் சுமக்கும் உயிருக்கு ஏற்றதாக எப்போதும் இருப்பதில்லை.

அவன் நெடுநேரம் நின்று பார்த்தான். பெரிய வால் கொண்ட மீன்கள் விரைவில் விலைபோகும் என்று உடன் வந்த நண்பன் சொன்னான். எனினும், வேகமாக நீந்திய குறுவால் பெண்மீன் ஒன்றையே அவன் தேர்ந்தெடுத்தான்.

தந்தையின் காவல்

இரண்டு வாரங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் கொசுப்புழுக்களை உணவாக அளித்தான். ஒரு சாண் ஆழத்திற்கும் குறைவாக நீர் நிரப்பிய தனித்தொட்டியில் ஆண்மீனை விட்டான். பழைய லாந்தர் விளக்கின் கண்ணாடிக் கூட்டை நடுவில் நிறுத்தி, அதற்குள் பெண்மீனை வைத்தான். ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று காணலாம், காயப்படுத்த முடியாது. மறுநாள் ஆண்மீன் நீர்ப்பரப்பில் வாதுமை இலையின் அடியில் வாயால் குமிழிகளை ஊதி ஒட்டவைக்கத் தொடங்கியது. எச்சில் பூசிய அக்குமிழிகள் உடையாமல் ஒன்றோடொன்று சேர்ந்து நுரைக்கூடாயின. பெண்ணின் உடலில் குறுக்குக் கோடுகள் தோன்றின. அது முட்டையிட ஆயத்தமாயிற்று என்பதற்கு அவை அடையாளம். அவன் கண்ணாடிக் கூட்டை நீக்கினான்.

சிறிது நேரம் துரத்தலும் ஒளிதலும் நிகழ்ந்தன. பின்னர்க் கூட்டின்கீழ் ஆண்மீன் தன் உடலை வளைத்துப் பெண்ணைத் தழுவிக்கொண்டது. வெண்மணிகள் போன்ற முட்டைகள் நீருக்குள் மெல்ல இறங்கின. ஆண்மீன் விரைந்து சென்று ஒவ்வொன்றையும் வாயில் ஏந்தி, மேலே கொண்டுவந்து, நுரைக்குள் ஒட்டியது. இவ்வாறு பலமுறை நிகழ்ந்து முடிந்ததும் பெண்ணைக் கூட்டருகே வரவிடாமல் விரட்டியது. அவன் பெண்மீனை அப்புறப்படுத்தினான்.

அன்றிரவு ஆவலை அவனால் அடக்க முடியவில்லை. மணிக்கொருமுறை கைவிளக்கை அடித்துப் பார்த்தான், தங்கையையும் அழைத்துக் காட்டினான், கண்ணாடியைத் தட்டினான். விடிந்தபோது கூட்டில் ஒரு முட்டைகூட இல்லை. அச்சுறுத்தப்பட்ட தந்தை மீன் முட்டைகள் அனைத்தையும் தின்றுவிட்டிருந்தது. மீன்மீது அவனுக்கு முதலில் சினம் மூண்டது. அச்சுறுத்தியவர் யார் என்று எண்ணிப் பார்த்தபோது அச்சினம் தணிந்தது.

பதினொன்றாம் வகுப்புத் தேர்வு முடிந்த பங்குனியில் மீண்டும் முயன்றான். இம்முறை தொட்டியின் மூன்று பக்கங்களையும் செய்தித்தாளால் மறைத்தான். காலையிலும் மாலையிலும் மட்டும் ஓசையின்றி வந்து பார்த்தான். ஏறத்தாழ ஒன்றரை நாளில் முட்டைகள் பொரிந்தன. இமைமயிரைவிட மெல்லிய குஞ்சுகள் வால் கீழ்நோக்கியிருக்க நுரையில் தொங்கின. அவ்வப்போது ஒன்று நழுவி விழும். தந்தை மீன் தலைகீழாகப் பாய்ந்து அதனை வாயில் ஏந்தி மீண்டும் கூட்டில் சேர்க்கும். உடைந்த குமிழிகளுக்கு ஈடாகப் புதிய குமிழிகளை ஊதும். போட்டியாளரைக் கண்டால் தீயாக எழும் அதே வாய், உடைந்துபோகும் அளவுக்கு மெல்லிய ஓர் உயிரைச் சிதையாமல் ஏந்துவதை அவன் வியந்து பார்த்தான். சண்டைமீன் என்ற பெயர் அதன் வாழ்வில் எவ்வளவு சிறிய பகுதியைக் குறிக்கிறது என்று எண்ணினான்.

மூன்று நாள்களில் குஞ்சுகள் கிடைமட்டமாக நீந்தத் தொடங்கின. அத்துடன் தந்தையின் காவல் முடிந்தது. இனி அதுவே குஞ்சுகளை உண்ணவும் கூடும். அவன் அதனைப் பழைய தொட்டிக்கு மாற்றினான். அந்த மாலை முதல் காவல் அவனுடையதாயிற்று. முட்டைக்கோசு இலையை ஊறவைத்த நீரில் பெருகிய நுண்ணுயிர்களைச் சொட்டுச் சொட்டாக அளித்தான். ஒரு வாரத்திற்குப் பின் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டைகளைப் பொரிக்கவைத்து, நாளும் இருவேளை ஊட்டினான்.

குஞ்சுகள் பிறக்கும்போது காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அவற்றுக்கு இருப்பதில்லை. சில வாரங்கள் கழித்தே அது உருவாகிறது. முதன்முதலாக மேலே வந்து காற்றை எடுக்கும் அந்நாள்களில், நீர்ப்பரப்பின் மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருத்தல் வேண்டும் என்பது வளர்ப்போர் அனுபவம். நான்காம் வாரத்தில் ஓரிரவு, மின்விசிறி சுழலும் அறையில் மூடியைப் போட மறந்து உறங்கிவிட்டான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் நூற்றுக்கு மேற்பட்ட குஞ்சுகள் இறந்தன. ஒரு மூடிதான், அதைப் போட அரை நொடிதான் தேவைப்பட்டிருக்கும். வாதுமை இலையொன்றில் அவற்றைச் சேகரித்துத் துளசிச் செடியின் அடியில் புதைத்தான். யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இருபத்தேழு புட்டிகள்

ஆனி மாதத்தில் ஐம்பத்தெட்டுக் குஞ்சுகள் எஞ்சியிருந்தன. நிறம் ஏறி, துடுப்புகள் வளர்ந்திருந்தன. ஒருநாள் காலையில் இரண்டு மீன்களின் வால்கள் கிழிந்திருப்பதைக் கண்டான். ஆண்மீன்கள் எல்லை வகுக்கத் தொடங்கிவிட்டன. இனி அவற்றை ஒன்றாக வைத்திருக்க இயலாது. பெண்மீன்களைப் பெரிய தொட்டியில் சேர்த்து வைக்கலாம். ஆண்மீன்களோ இருபத்தேழு.

வீட்டில் கிடந்த ஊறுகாய்ப் புட்டிகள், சத்துமாவுப் புட்டிகள், அக்கம்பக்கத்தில் கேட்டுவாங்கிய புட்டிகள் அனைத்தையும் திரட்டினான். இருபத்தேழு புட்டிகளையும் வரிசையாக அடுக்கி, இடையிடையே பழைய ஏடுகளின் அட்டைகளை வெட்டிச் செருகினான். கடைசி அட்டையைச் செருகிவிட்டு நிமிர்ந்தபோது அவன் திடுக்கிட்டான். கொளத்தூர்க் கடையின் அந்த ஓரம், அப்படியே அவன் வீட்டிற்குள் வந்திருந்தது.

நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும்முன் இருபத்தேழு புட்டிகளுக்கும் நீர் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு ஒரு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. முந்தின நாளே வாளிகளில் நீர் பிடித்துவைக்க வேண்டும். லாரித் தண்ணீர் வராத நாள்களில் வீட்டிற்கே நீர் போதவில்லை. “நாம் குடிப்பதற்கே தண்ணீர் எண்ணி எடுக்கிறோம். இத்தனை உயிரை வரவழைக்கும்முன் யோசித்திருக்கலாமே அப்பா” என்று தாய் கடிந்துகொண்டார், ஆயினும் தாம் துணி அலசும் நீரைக் குறைத்து அவனுக்கு ஒரு வாளி ஒதுக்கினார்.

அவன் கடைக்காரரிடம் சென்றான். விற்பதற்கு வந்திருக்கிறான் என்று அவர் எண்ணினார். மீன்களை வாங்கிக்கொள்ளவும் இசைந்தார். அவன் கேட்டதோ வேறு. “நீங்கள் எப்படி அண்ணா இத்தனை புட்டிகளையும் பார்த்துக்கொள்கிறீர்கள்?”

அவர் சிரித்தார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நானூறு புட்டிகளுக்கு நீர் மாற்றுவதாகச் சொன்னார். “புட்டி என்பது பேருந்து நிலையம் மாதிரி தம்பி. இங்கே எந்த மீனும் குடியிருக்க வரவில்லை. வாங்கிக்கொண்டு போகிறவர்தான் அதற்கு வீடு கொடுக்க வேண்டும். பலர் நிலையத்தையே வீடு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.” சற்று நிறுத்தி, “அன்றைக்கு உன்னிடமே நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். கடையில் கூட்டமாக இருந்தது” என்றார்.

அவன் மீன்களை விற்காமல் திரும்பினான். ஏரியில் விட்டுவிடலாம் என்று நண்பன் ஒருவன் யோசனை கூறினான். அயல்நாட்டு மீனை நம் நீர்நிலையில் விட்டால், அங்கேயே பிறந்து வாழும் சிறுமீன்களுக்கு அது கேடாகலாம். அல்லது அதுவே பிற உயிர்களுக்கு இரையாகலாம். எவ்வகையிலும் அது விடுதலையாகாது. எனவே அவன் வீடு தேடத் தொடங்கினான். வகுப்பு நண்பர்கள், தாயின் அலுவலகத் தோழியர், பள்ளியின் உயிரியல் ஆய்வகம், அடுத்த தெரு முடிதிருத்தகம் எனக் கேட்டுக்கேட்டு நடந்தான். கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கவுமில்லை. மூடியிட்ட தொட்டி இருக்கிறதா, அதன் நீர் பக்குவமாகிவிட்டதா என்று முதலில் சென்று பார்த்தான். இல்லையென்றால், ஐந்து வாரம் கழித்து வருவதாகச் சொல்லித் திரும்பினான். ஒவ்வொரு மீனுடனும் உலர்ந்த வாதுமை இலைகள் இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.

இருபத்தேழாவது புட்டி காலியாக நான்கு மாதங்கள் ஆயின. அதற்குள் மூன்று மீன்கள் புட்டியிலேயே இறந்திருந்தன. அவற்றை அவன் மறக்கவில்லை. அடுத்த முறை முட்டைகளை எண்ணும் முன்பு வீடுகளை எண்ண வேண்டும் என்று தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தான்.

காலியான புட்டிகளைக் கழுவி அவரவர்க்குத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை, அவன் தன் மேசைமுன் அமர்ந்தான். பழைய தொட்டியில் அந்த நீலநிறத் தந்தை மீன் இருந்தது. அதற்கு வயதாகிவிட்டது, நிறம் சற்றே வெளுத்திருந்தது. பெண்மீன் அருகில் இல்லை, முட்டைகளும் இல்லை. ஆயினும் வாதுமை இலையின் அடியில் அது ஒரு குமிழியை ஊதி ஒட்டியது. மேலே சென்று மற்றொரு மிடறு காற்றை எடுத்துவந்து இன்னொரு குமிழியை ஒட்டியது. மறுநாள் நீர் மாற்ற வேண்டிய நாள். அந்த நுரை கலையாதபடி, எந்த மூலையிலிருந்து நீரை எடுக்கலாம் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.